ரூட் லோகஸ் வரைபடம் தவறாக வந்தால் எங்கே தேடுவது

ரூட் லோகஸ் என்பது, பின்னூட்டம் கொண்ட ஒரு கட்டுப்பாட்டு அமைப்பின் கெயினை (பெருக்கும் எண்ணை) மாற்றும்போது அதன் சமன்பாட்டின் மூலங்கள் சிக்கலெண் தளத்தில் நகரும் பாதைகளின் படம். மேட்லாப், ஆக்டேவ், சைலாப், பைத்தான் ஆகியவற்றில் எதைக் கொண்டு அதை வரைந்தாலும் பிழைகள் இரண்டு வகையாகவே வருகின்றன. முதல் வகையில் மென்பொருள் சிவப்பு எழுத்தில் ஒரு செய்தியைக் காட்டி நின்றுவிடும். அதைப் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். இரண்டாவது வகையில் எந்தச் செய்தியும் வராது. அழகான படம் திரையில் விரியும். ஆனால் அது நாம் வரைய நினைத்த அமைப்பின் படமாக இருக்காது. ஆய்வகத்தில் மாணவர்களுடன் அமர்ந்து நான் பிழை தேடிய நேரத்தில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகைக்கே சென்றிருக்கிறது. ஆகவே இங்கும் அதற்கே அதிக இடம் தருகிறேன்.

வால்டர் எவன்ஸ் 1948-இல் இம்முறையை வெளியிட்டபோது வரைபடத்தைக் கையால்தான் வரைய வேண்டியிருந்தது. கோணங்களைக் கூட்டுவதற்காக ஸ்பைரூல் என்ற சிறு பிளாஸ்டிக் கருவியையும் அவர் உருவாக்கினார். அந்தக் கை விதிகள் இன்றும் பயன்படுகின்றன. படம் சரியா தவறா என்று சொல்லக்கூடிய சில எண்களை அவற்றைக் கொண்டு கணினியைத் தொடாமலேயே கணக்கிட்டுவிடலாம். இந்த எண்கள் கையில் இல்லாமல் பிழை தேடத் தொடங்குவது வீண்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஓப்பன் லூப் சார்பின், அதாவது பின்னூட்டத்தை இணைக்கும் முன் உள்ள சார்பின், தொகுதி 1. பகுதி எஸ்(எஸ்+4)(எஸ்+6), அதாவது எஸ்³ + 10எஸ்² + 24எஸ். துருவங்கள், அதாவது பகுதியைப் பூச்சியமாக்கும் மதிப்புகள், 0, -4, -6. சுழியம், அதாவது தொகுதியைப் பூச்சியமாக்கும் மதிப்பு, எதுவும் இல்லை. எனவே மூன்று கிளைகளும் முடிவிலிக்குச் செல்ல வேண்டும்; தொலைத்தொடுகோடுகள் 60, 180, 300 பாகைகளில், மெய் அச்சில் -3.33 என்ற புள்ளியிலிருந்து கிளம்ப வேண்டும். பகுதியை வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் பிரிபுள்ளி (இரண்டு கிளைகள் சந்தித்து மெய் அச்சை விட்டு விலகும் இடம்) -1.57 என்றும், அங்கே கெயின் ஏறத்தாழ 16.9 என்றும் கிடைக்கும். மூலங்களைக் காணாமலேயே நிலைத்தன்மையைச் சோதிக்க உதவும் ரௌத் அட்டவணையிலிருந்து, கிளைகள் கற்பனை அச்சைத் தொடும் கெயின் (இதைத் தாண்டினால் மூலங்கள் வலப்பக்கம் சென்று அமைப்பு நிலைத்தன்மையை இழக்கும்) 240, அங்கே அதிர்வெண் 24-இன் வர்க்கமூலமான 4.9 என்று தெரியும். திரையில் வரும் படத்தில் சுட்டியை வைத்துப் பார்த்தால் இதே எண்கள் வர வேண்டும். எது மாறியிருக்கிறது என்பதே பிழை எங்கே இருக்கிறது என்பதையும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

சிவப்பு எழுத்துப் பிழைகளை முதலில் முடித்துவிடலாம். ஆர்லோகஸ் என்ற கட்டளையே இல்லை என்று மேட்லாப் சொன்னால், கன்ட்ரோல் சிஸ்டம் டூல்பாக்ஸ் நிறுவப்பட்டிருக்கிறதா என்று வெர் கட்டளையால் பாருங்கள். ஆக்டேவ் என்றால் கன்ட்ரோல் தொகுப்பை ஒவ்வொரு அமர்விலும் பிகேஜி லோட் கட்டளையால் ஏற்ற வேண்டும். சிம்ஸ் மூலம் அறிவித்த குறியீட்டு மாறியைக் கொண்டு சார்பை எழுதியிருந்தால் ஆர்லோகஸ் அதை ஏற்காது. எஸ் என்பதை டிஎஃப் கட்டளையால் அறிவிக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட உள்ளீடு அல்லது வெளியீடு கொண்ட மாதிரியையும் அது ஏற்காது. எந்த உள்ளீட்டிலிருந்து எந்த வெளியீட்டுக்கு என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். தாம் எழுதும் கோப்புக்கே ஆர்லோகஸ் என்று பெயரிட்டுச் சேமிப்பவர்களும், டிஎஃப் என்ற பெயரில் ஒரு மாறியை உருவாக்கிவிடுபவர்களும் உண்டு. அப்போது உண்மையான கட்டளை மறைந்துவிடும். விச் கட்டளையை ஆல் தெரிவுடன் கொடுத்தால் எந்தக் கோப்பு அல்லது எந்த மாறி வழிமறிக்கிறது என்பது பட்டியலாக வரும். பைத்தானில் பிழைச் செய்தியும் இல்லாமல் படமும் வராமல் இருந்தால், மேட்பிளாட்லிப்பின் ஷோ கட்டளை விடுபட்டிருக்கக்கூடும்.

இனி, ஓசையின்றி நுழையும் பிழைகள்.

இவற்றில் நான் மிக அதிகமாகக் கண்டது கெழுப் பட்டியலில் நிகழும் பிழை. மேலே உள்ள பகுதியின் கெழுக்கள் 1, 10, 24, 0. மாறிலி உறுப்பு இல்லையே என்று நினைத்துக் கடைசி 0-ஐ விட்டுவிட்டால் மென்பொருள் அதை எஸ்² + 10எஸ் + 24 என்று எடுத்துக்கொள்ளும். 0-இல் இருந்த துருவம் காணாமல் போய், -5-இல் பிரிந்து நேர்குத்தாக மேலும் கீழும் செல்லும் இரண்டு கோடுகள் வரும். அமைப்பு எந்தக் கெயினிலும் நிலைத்தன்மையை இழக்காது என்று படம் சொல்லும். உண்மையில் 240-ஐத் தாண்டியதும் அது நிலைத்தன்மையை இழந்துவிடும். ஒரு மாணவி இப்படிப்பட்ட படத்தைக் காட்டி, கட்டுப்படுத்தி சிறப்பாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்ததும், விடுபட்ட ஒரு 0-ஐச் சேர்த்தவுடன் கிளைகள் இரண்டும் வலப்பக்கம் வளைந்ததைப் பார்த்து அவர் சற்று நேரம் பேசாமல் இருந்ததும் இன்னும் நினைவில் இருக்கின்றன.

பெருக்கலிலும் இதே ஆபத்து இருக்கிறது. (எஸ்+4), (எஸ்+6) ஆகிய இரண்டையும் பெருக்க கான்வ் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். வெறும் பெருக்கல் குறியைப் போட்டால் அளவு பொருந்தவில்லை என்று பிழைச் செய்தி வரும், அது நல்லது. ஆனால் அந்தச் செய்தியைப் போக்குவதற்காகப் பலர் குறிக்கு முன்னால் ஒரு புள்ளியைச் சேர்த்துவிடுகிறார்கள். அப்போது உறுப்புக்கு உறுப்பு பெருக்கப்பட்டு 1, 24 என்ற விடை, அதாவது எஸ் + 24 என்ற முதற்படிக் கோவை கிடைக்கும். பிழைச் செய்தி போய்விடும், கூடவே அமைப்பும் போய்விடும். சைலாப்பில் வேறொரு பொறி உள்ளது. பாலி கட்டளைக்கு எண்களைக் கொடுத்தால், வேறு குறிப்பு தராதவரை அவற்றை அது கெழுக்களாக அல்லாமல் மூலங்களாகவே எடுத்துக்கொள்ளும். கோஎஃப் என்று குறிப்பிட்டாலோ கெழுக்களை ஏறுபடி வரிசையில், மாறிலியிலிருந்து தொடங்கி எதிர்பார்க்கும். ஆகவே சார்பை உருவாக்கியதும் அதை ஒருமுறை திரையில் அச்சிட்டுப் படித்துவிட்டு, பிறகு வரைவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஓப்பன் லூப் சார்பைக் கொடுக்க வேண்டிய இடத்தில் குளோஸ்டு லூப் சார்பைக் கொடுப்பது. ஆர்லோகஸ் தானாகவே எதிர்ப் பின்னூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு 1 + கே·எல்(எஸ்) = 0 என்ற சமன்பாட்டின் மூலங்களையே வரைகிறது. எல் என்பதில் ஏற்கெனவே லூப் மூடப்பட்டிருந்தால் அது இரண்டாம் முறை மூடப்படும். நம் எடுத்துக்காட்டில் தொகுதி 1-க்குப் பதில் 100 என்று வைத்துக்கொள்வோம். சரியான படத்தில் அச்சைத் தொடும் கெயின் 2.4. ஃபீட்பேக் கட்டளையால் லூப்பை மூடிவிட்டு வரைந்தால் அதே இடத்தில் 1.4 என்று வரும். கற்பனை அச்சைத் தொடும் புள்ளி மட்டும் மாறாது. அதனால்தான் இந்தப் பிழை எளிதில் கண்ணில் படுவதில்லை. கிளைகள் தொடங்கும் இடத்தைப் பார்த்தால் உடனே பிடிபடும்: 0, -4, -6 ஆகியவற்றில் தொடங்க வேண்டிய கிளைகள் -8.56-இலும், -0.72 ± 3.34ஜெ என்ற இணையிலும் தொடங்கியிருக்கும். எந்தப் படத்திலும் பெருக்கல் குறிகள் ஓப்பன் லூப் துருவங்களின் மேல் இருக்கின்றனவா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. தொகுதியில் ஏற்கெனவே உள்ள எண்ணையும் மறந்துவிடக் கூடாது. படம் காட்டும் கே அதோடு பெருக்கிக்கொள்ளும் எண் மட்டுமே. மொத்தக் கெயின் அன்று.

குறியில் நேரும் பிழையே எனக்கு மிகவும் கவலை தருவது, ஏனெனில் அது முடிவையே தலைகீழாக்குகிறது. தொகுதி (2-எஸ்), பகுதி எஸ்(எஸ்+4) என்று இருக்கட்டும். 1 + கே·எல்(எஸ்) = 0 என்பதிலிருந்து வரும் சிறப்புச் சமன்பாடு எஸ்² + (4-கே)எஸ் + 2கே = 0; எனவே கே 4-க்குக் குறைவாக இருக்கும்வரை அமைப்பு நிலையானது. வழக்கமான வடிவத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று தொகுதியை (எஸ்-2) என்று எழுதிவிட்டால் சமன்பாடு எஸ்² + (4+கே)எஸ் - 2கே = 0 ஆகிவிடும். மாறிலி உறுப்பு எதிர்க்குறி பெறுவதால் மிகச் சிறிய கெயினிலும் ஒரு மூலம் வலப்பக்கம் வந்துவிடும். இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு: (2-எஸ்) என்று சரியாகக் கொடுத்தபோது, மெய் அச்சில் ஒற்றைப்படை எண்ணிக்கை விதிக்கு (வலப்புறம் உள்ள துருவங்கள், சுழியங்களின் மொத்த எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ள இடத்தில்தான் கிளை இருக்கும் என்ற விதி) மாறாகக் கிளைகள் வருவதைப் பார்த்து மென்பொருள் தவறு செய்கிறது என்று நினைப்பவர்கள் உள்ளனர். தவறு அதனுடையதன்று. முதன்மைக் கெழு எதிர்க்குறியாக இருக்கும்போது நேர்ப் பின்னூட்டத்துக்குரிய இரட்டைப்படை விதியே பொருந்தும்.

இலக்கமுறை அமைப்புகளில் மாதிரிக் காலத்தை (அடுத்தடுத்த அளவீடுகளுக்கு இடையிலான நேரத்தை) கொடுக்க மறப்பதும் இதே அளவுக்குக் கெடுதல். தொகுதி 1, பகுதி (இசட்-0.5) என்ற எளிய அமைப்பில் மூலம் 0.5-கே, அலகு வட்டத்துக்குள் இருக்க கே 1.5-ஐத் தாண்டக் கூடாது. மாதிரிக் காலம் இல்லாவிட்டால் மென்பொருள் இதைத் தொடர்கால அமைப்பாகக் கருதி +0.5-இல் நிலையற்ற துருவம் ஒன்றைக் காட்டும், 0.5-க்கு மேல் கெயின் எவ்வளவு கூடினாலும் நல்லது என்ற, உண்மைக்கு நேர் எதிரான முடிவுக்கு நம்மை அழைத்துச் செல்லும்.

படம் உடைந்த கோடுகளாக வந்தால், நீங்கள் கொடுத்த கெயின் வரிசையைச் சந்தேகியுங்கள். முதல் எடுத்துக்காட்டில் பிரிபுள்ளியை அடைந்த பிறகு கெயின் 1 கூடினால் மூலம் ஏறத்தாழ 0.43 தூரம் தாவும். கற்பனை அச்சின் அருகே அதே 1-க்கு 0.009 தூரம் மட்டுமே நகரும். சம இடைவெளியில் எண்களைக் கொடுத்தால் ஓரிடத்தில் கோடு முறியும், இன்னோரிடத்தில் புள்ளிகள் தேவையின்றிக் குவியும். பிரிபுள்ளியின் கெயினைக் கையால் கணக்கிட்டு, அதைச் சுற்றி மட்டும் அடர்த்தியான எண்களைச் சேர்ப்பதே நான் பரிந்துரைக்கும் வழி. வரிசை 100-இல் முடிந்தால் 240-இல் நிகழ்வது படத்தில் வராது என்பதையும் கவனியுங்கள். சைலாப்பில் எவன்ஸின் பெயரையே கொண்ட கட்டளைக்கு இந்த மேல் எல்லையை இரண்டாவது உள்ளீடாகக் கொடுக்கலாம்.

தணிப்பு விகிதத்தை (அலைவு எந்த அளவுக்கு அடங்கும் என்பதைக் காட்டும் எண்ணை) கண்ணால் பார்த்து முடிவு செய்பவர்கள் ஆக்ஸிஸ் ஈக்வல் கொடுக்காமல் பார்க்கக் கூடாது. 0.5 என்ற விகிதத்துக்குரிய கோடு எதிர் மெய் அச்சுடன் 60 பாகை கோணத்தில் நிற்க வேண்டும். இரு அச்சுகளின் அளவுகோல் வேறுபட்டால் அது வேறு கோணத்தில் தெரியும். ஆயத்தொலைகள் சரியாகவே இருக்கும், ஏமாறுவது கண் மட்டுமே. சரிபார்க்க ஓர் எண்: நம் எடுத்துக்காட்டில் அந்தக் கோடும் கிளையும் வெட்டும் இடம் -1.2 ± 2.08ஜெ, கெயின் 43.8, மூன்றாவது மூலம் -7.6.

ஒரே இடத்தில் பல துருவங்கள் உள்ள உயர்படி அமைப்புகளில் நிலைமை வேறு. இங்கே குற்றம் உண்மையிலேயே எண்கணக்கினுடையது. (எஸ்+1)-இன் 8-ஆம் அடுக்கை விரித்துக் கெழுக்களாகக் கொடுத்தால், 16 இலக்கத் துல்லியத்தில் கணக்கிட்டாலும் எட்டு மூலங்களும் -1-ஐச் சுற்றி நூறில் ஒரு பங்கு அளவில் சிதறிய வளையமாகத் தெரியலாம். விரிக்காமல், துருவங்களையும் சுழியங்களையும் நேரடியாகக் கொடுக்கும் இசட்பிகே வடிவத்தைப் பயன்படுத்துங்கள். சார்புகளை வகுத்தும் கூட்டியும் சேர்த்தபோது படி இரட்டிப்பாகி, ஒன்றின் மேல் ஒன்றாகத் துருவமும் சுழியமும் தோன்றினால், மின்ரியல் கட்டளை அவற்றை நீக்கும்; ஆனால் வலப்பக்கத்தில் உள்ள இணையை அப்படி நீக்கிவிட்டு அமைப்பு நிலையானது என்று எழுதுவது ஒருபோதும் சரியாகாது.

கடைசியாக, காலத் தாமதம். தொடர்காலத் தாமதம் கொண்ட சார்புக்கு மூலங்கள் எண்ணற்றவை. எனவே பாடே தோராயத்தைக் கொண்டு அதை விகிதச் சார்பாக மாற்றிய பிறகே ரூட் லோகஸ் வரைய முடியும். எத்தனையாவது படி என்பதில்தான் பிழை பிறக்கிறது. பகுதி (எஸ்+1), தாமதம் 1 வினாடி என்ற அமைப்பின் உண்மையான எல்லைக் கெயின் 2.26. முதற்படித் தோராயம் 3 என்று சொல்லும். இரண்டாம் படி 2.29 என்று சொல்லும். முதற்படிப் படத்தை நம்பிக் கெயினை 2.7 என்று வைத்தால், படத்தில் நிலையாக இருக்கும் அமைப்பில், மேசையின் மேல் அலைவு பெருகிக்கொண்டே போகும். படியை ஒவ்வொன்றாகக் கூட்டி, எல்லைக் கெயின் இரண்டாம் தசம இடத்தில் மாறாமல் நிற்கும்வரை வரைந்து பாருங்கள். பிறகு போடே படத்தில் (அதிர்வெண்ணுக்கு ஏற்ப அமைப்பின் பதில் மாறுவதைக் காட்டும் படம்) கெயின் வரம்பை, அதாவது நிலைத்தன்மை இழக்கும்வரை கெயினை எத்தனை மடங்கு கூட்டலாம் என்பதை, தாமதத்துடனேயே கணக்கிட்டு அதோடு ஒப்பிடுங்கள், ஏனெனில் அங்கே தோராயம் எதுவும் தேவைப்படுவதில்லை.