பாதிரியார் நாட்குறிப்பை மட்டும் நம்பினால் இப்படித்தான்

பழைய சமய வாதங்களை வாசிக்கத் தொடங்கியபோது என் கையில் கிடைத்தது ஒரு மிஷனரியின் நாட்குறிப்பு. சத்திரத்தில் வாதம், கோயில் வாசலில் வாதம், எல்லாவற்றிலும் அவரே ஜெயித்தார். எதிரே நின்ற பண்டாரம் ஒவ்வொரு முறையும் வாயடைத்துப் போனார். நானும் நம்பி ஒரு கட்டுரை எழுதிவிட்டேன். இப்போது அதை எடுத்துப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

ஆகவே, யார் படிக்க எழுதியது என்று முதலில் பாருங்கள். அந்த எழுத்தெல்லாம் போய்ச் சேர்ந்தது கடல்கடந்து பணம் அனுப்பியவர்களிடம். தோற்றேன் என்று யார் எழுதுவார்? மிஷனரிகள் எரிச்சல்படும் இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. அய்யாவழியைத் தோற்றுவித்த சாமிதோப்பு அய்யா வைகுண்டரைப் பற்றி லண்டன் மிஷன்காரர்கள் புலம்பியிருக்கிறார்கள். அவர் பின்னால் ஜனம் திரண்டது என்பதற்கு அந்தப் புலம்பலே சாட்சி.

அப்புறம், மறுபக்கத்தைத் தேட வேண்டும். சைவ அறிஞர் ஆறுமுக நாவலரிடம் தொடங்குங்கள். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிளைத் தமிழாக்க உதவியவர் அவர். சைவத்தைப் பழித்தவர்களுக்குப் பதிலாக 1854இல் வந்த அவருடைய ‘சைவதூஷண பரிகாரம்’ வாசிக்கும்போது பழைய ஏற்பாட்டையும் பக்கத்தில் விரித்து வையுங்கள். தூபம், தீபம், பலி, தீட்டு என்று எதையெல்லாம் மிஷனரிகள் இகழ்ந்தார்களோ, அதெல்லாம் உங்கள் வேதத்திலேயே இருக்கிறதே என்று மடக்குகிறார். வசனங்களின் வாசகம் இன்றைய மொழிபெயர்ப்போடு ஒத்துப்போகாது, அதிகார எண்ணை வைத்துத் தேடுங்கள். பொறுமை வேண்டும், ஆனால் ருசி அங்கேதான். அச்சுக்கூடம், பள்ளிக்கூடம், வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் என்று அவர்கள் வழியையே எடுத்து அவர்களுக்கு எதிராகத் திருப்பிய மனிதர்!

தமிழ் மூலமே இல்லாவிட்டால்? தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு காலத்தில், 1712 முதல், மிஷனரிகளின் கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிக் கொடுத்த பதில் கடிதங்கள் ஜெர்மன் மொழிபெயர்ப்பாகத்தான் நமக்குக் கிடைக்கின்றன. அங்கே பதிலைவிடக் கேள்வியை உற்றுப் பாருங்கள். கேட்காததற்குப் பதில் இருக்காது.

சண்டையையே படித்துச் சலித்துவிட்டதா? சரி, மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யை எடுங்கள். அவர் கத்தோலிக்கர். அவரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து ‘குளத்தூர்க் கோவை’ பாடியவரோ சைவ மடமான திருவாவடுதுறை ஆதீன வித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. இரண்டையும் அடுத்தடுத்து, வாய்விட்டே படியுங்கள்.