டேமா மண்: குழி தோண்டி, கட்டி உடைத்து, வகைப்படுத்துவது எப்படி?

அமெரிக்காவின் அயோவாவுக்கும் இல்லினாய்க்கும் மண்ணியல் படிக்க வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் முதல் குழியைப் பார்த்ததும் "அட, கரிசல்!" என்று சொல்லிவிடுகிறார்கள். நிறத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கோவில்பட்டிக் கரிசலில் அங்ககக் கரிமம் குறைவு, களி மிக அதிகம், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். பிரெய்ரி (வட அமெரிக்கப் புல்வெளி) மண்ணின் கருமையோ ஆண்டுதோறும் புல்வேர்கள் செத்து மக்கிச் சேர்ந்த கருமை. இரண்டும் வெவ்வேறு வர்க்கம்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது டேமா தொடர் (அமெரிக்க மண் வகைப்பாட்டின் மிகச் சிறிய பிரிவுதான் தொடர்) மண். காற்று கொண்டுவந்து படியவைத்த லோயஸ் வண்டலில், உயரமான புல்வெளியின் கீழே உருவான, நல்ல வடிகால் உள்ள மண். அயோவாவின் மாநில மண் என்று இதைத்தான் சொல்வார்கள். அமெரிக்க வகைப்பாட்டில் இதன் முழுப்பெயர்: ஃபைன்-சில்டி, மிக்ஸ்டு, சூப்பர்ஆக்டிவ், மெசிக் டிபிக் ஆர்ஜியூடால்ஸ். நீளமான பெயர்தான். ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் குழியிலோ ஆய்வகத்திலோ சான்று இருக்க வேண்டும். பழைய நூல்களில் 'பிரெய்ரி மண்', 'புரூனிசெம்' என்று வருவதும் இந்த வகை மண்தான்.

கருவிகள்

மண்வெட்டி, தள்ளு குழாய், மன்செல் வண்ணப் புத்தகம், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், 10 மடங்கு உருப்பெருக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். திருகு ஆகர் வேண்டாம் என்பேன். அது மண்ணைப் பிசைந்து மேலே கொண்டுவருவதால் கட்டி அமைப்பு கெட்டுவிடும். இந்த மண்ணை அடையாளம் காண அந்த அமைப்புதான் முக்கியம். முதல் 60 செ.மீ. மண்வெட்டி, அதற்குக் கீழே 120 செ.மீ. வரை குழாய். இதுதான் எனக்குப் பிடித்த முறை.

தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811-ஐ (அமெரிக்காவில் தோண்டுமுன் அழைக்கும் எண்) அழைத்து, நிலத்தடிக் குழாய்களையும் கேபிள்களையும் குறித்து வாங்கிவிடுங்கள். நில உரிமையாளரிடம் அனுமதியும் வாங்குங்கள்.

1. இடம்

மேட்டின் குறுகிய முதுகு, அல்லது அதை ஒட்டிய மெல்லிய சரிவு. அகன்ற சமதளத்துக்குப் போனால் மஸ்கடீன் போன்ற அரைகுறை வடிகால் மண் கிடைக்கும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் சேபிள் போன்றவை. எல்லாம் ஒரே லோயஸ்தான், நிலத்தடி நீர் நிற்கும் ஆழம்தான் வேறு. ஓடையை ஒட்டிய பழைய மரக்காட்டுப் பக்கம் போனால் டவுன்ஸ், ஃபயட் தொடர் மண்கள் வரும். அங்கே கருப்பு அடுக்கு மெலிந்துவிடும்.

நிற்கும் இடத்தின் மண் வரைபடத்தைக் காட்டும் சாயில்வெப் ஆப் அருமையானது. ஆனால் குழியைப் பார்த்து எழுதி முடித்த பிறகே அதைத் திறங்கள். வரைபடத்தில் டேமா என்று போட்ட பகுதிக்குள்ளும் வேறு மண் கலந்திருக்கும். பெயரை முன்னாலேயே தெரிந்துகொண்டால் கண் அதையே தேடும்.

2. கருப்பு அடுக்கு எங்கே முடிகிறது?

எனக்கு நீண்ட நாள் பிடிபடாமல் இருந்த இடம் இது, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

மாலிக் (கரிமம் சேர்ந்து கருத்த, தடித்த) மேலடுக்கு என்று சொல்ல, ஈரமண்ணின் மன்செல் வேல்யூ (வெளிர்மை) 3 அல்லது குறைவு, குரோமா (நிறச்செறிவு) 3 அல்லது குறைவு, காய்ந்த மண்ணின் வேல்யூ 5 அல்லது குறைவு என்று இருக்க வேண்டும். அங்ககக் கரிமம் குறைந்தது 0.6 சதவீதம். டேமா போன்ற ஆழமான மண்ணுக்கு அடுக்கின் தடிமன் குறைந்தது 25 செ.மீ.

சிக்கல் என்னவென்றால், குழியின் சுவரைப் பார்த்தால் கருமை எங்கே முடிகிறது என்றே தெரியாது. 40, 50 செ.மீ. ஆழத்திலும் கருப்பாகத்தான் தெரியும். அங்கிருந்து கைமுட்டி அளவு மண்ணைப் பெயர்த்து எடுத்து, தண்ணீர் தெளித்து, இரண்டு கட்டைவிரலாலும் பிளந்து பாருங்கள். கட்டிகளின் வெளித்தோல் கரும்பழுப்பு, உள்ளே பழுப்பு. வேர்த்தடத்திலும் இடுக்கிலும் இறங்கிய நீர் மேலே இருந்த கரிமத்தையும் களியையும் கொண்டுவந்து கட்டியின் மேல் பூசியிருக்கிறது. சுவரில் நாம் பார்த்தது அந்தப் பூச்சைத்தான்.

ஆகவே வெளித்தோலை மட்டும் படித்து எழுதாதீர்கள். பிளந்த முகத்தைப் பாருங்கள், அப்புறம் அதே மண்ணை நசுக்கிக் குழைத்துத் தேய்த்து இன்னொரு முறை பாருங்கள். மன்செல் புத்தகத்தின் 10 ஒய்.ஆர். (மஞ்சள்-சிவப்பு) பக்கத்தில் 3/3 (வேல்யூ/குரோமா) வந்தால் மாலிக்குக்குள் சேரும், 4/3 வந்தால் சேராது. இந்த ஒரு படி வித்தியாசம் பெயரையே மாற்றும். மாலிக் அடுக்கு 50 செ.மீ. அல்லது அதற்கு மேல் போனால் அது 'டிபிக்' (வகைமாதிரி) அல்ல, 'பேச்சிக்' (தடித்த) ஆர்ஜியூடால். பூச்சு நிறத்தை நம்பினால் நல்ல டேமா பேச்சிக்காகிவிடும்.

நிறம் பார்ப்பது நேர் வெயிலில், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி. குளிர்கண்ணாடி கூடாது, சாயங்கால மஞ்சள் வெளிச்சமும் கூடாது.

3. களி கீழே இறங்கியிருக்கிறதா?

பெயரில் உள்ள 'ஆர்ஜி' இதைத்தான் குறிக்கிறது. மேலடுக்கில் 25 சதவீதம் களி இருந்தால் கீழடுக்கில் குறைந்தது 30 சதவீதம் வேண்டும், அதாவது 1.2 மடங்கு. ஈரமண்ணைக் கட்டைவிரலால் ஆள்காட்டி விரல் மேல் நாடாவாகத் தள்ளிப் பாருங்கள். மாவு போல வழுவழுப்பாக, மணல் உறுத்தாமல், 2.5 முதல் 5 செ.மீ. நீளம் வரை வந்து ஒடிந்தால் வண்டல் கலந்த களிப்பசளை.

விரல் போதாது, களிப்படலத்தையும் காட்ட வேண்டும். மெழுகு தடவியது போன்ற பளபளப்பை உருப்பெருக்கியில் தேடுங்கள். அழுத்தத்தால் வழவழப்பான முகமும் பளபளக்கும். ஆனால் படலத்துக்குத் தனி விளிம்பு இருக்கும், நகத்தால் சுரண்டினால் தோலாகப் பெயரும், நுண்துளைகளின் உள்சுவரிலும் படிந்திருக்கும். நான் முதலில் துளைகளைத்தான் பார்ப்பேன். அங்கே இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

4. வடிகால்

சாம்பல் நிறத் திட்டும் துருநிறப் புள்ளியும் சேர்ந்து முதலில் தென்படும் ஆழத்தை எழுதுங்கள். நீர் தங்கிய இடத்தில் இரும்பு கரைந்து நகர்ந்து, காற்று பட்ட இடத்தில் துருவாகப் படிகிறது. சுமார் 100 செ.மீ. வரை அது இல்லையென்றால் நல்ல வடிகால். டேமாவில் அதற்குக் கீழேதான் வரும்.

அமிலத்தையும் ஒரு சொட்டு விடுங்கள். மேல் ஒரு மீட்டருக்குள் நுரைக்காது. மழை சுண்ணாம்பைக் கழுவிக் கீழே அனுப்பிவிட்டது. உலக வகைப்பாட்டில் இது செர்னோசெம்மில் (சுண்ணாம்பு தங்கிய கரும்புல்வெளி மண்) சேராமல் ஃபியோசெம்மில் (சுண்ணாம்பு கழுவப்பட்ட கருமண்) போவதற்குக் காரணமும் இதுதான்.

5. பெயர் வைப்பது

வலமிருந்து இடமாகச் சேருங்கள். மாலிக் அடுக்கும் 50 சதவீதத்துக்குக் குறையாத காரச்செறிவும் (மண் பிடித்துவைக்கும் அயனிகளில் கால்சியம், மக்னீசியம் போன்றவற்றின் பங்கு) இருந்தால் மாலிசால் என்ற பெரும்பிரிவு. ஈரப்பதம் தாராளமாக உள்ள பகுதி, ஆகவே உடால். களி இறங்கிய அடுக்கு, ஆகவே ஆர்ஜியூடால். ஆண்டுச் சராசரி மண்வெப்பம் 8 முதல் 15 டிகிரிக்குள், ஆகவே மெசிக். களி 18 முதல் 35 சதவீதம், மணல் மிகக் குறைவு, ஆகவே ஃபைன்-சில்டி. சூப்பர்ஆக்டிவ் (களியின் அயனிப் பிடிப்பு அதிகம்), மிக்ஸ்டு (பல கனிமங்கள் கலந்தது), காரச்செறிவு மூன்றுக்கும் ஆய்வக எண் வேண்டும்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டதில் இரண்டு.

80 செ.மீ.யிலேயே சாம்பல் பட்டை தெரிகிறது, அப்போது இது டேமா இல்லையா என்பது ஒன்று. சரிவில் தோண்டினீர்கள் என்றால் பழைய காலத்து நீர்மட்டம் விட்டுச்சென்ற சாம்பல் லோயஸ் பட்டையாக இருக்கலாம். அது இன்றைய ஈரத்தைக் காட்டாது. பக்கத்தில் மேட்டிலும் தாழ்விலும் இரண்டு குழாய் போட்டு ஒப்பிடுங்கள். வடிகுழாய் பதித்த வயல் என்றாலும் இயற்கை வடிகால் வகுப்புதான் கணக்கு.

இன்னொன்று, கருப்பு அடுக்கு 15 செ.மீ.கூட இல்லை என்பது. இதைக் கேட்டால் எனக்கு மனசு கனத்துப்போகும். 1837-இல் ஜான் டியர் எஃகுக் கலப்பை செய்த பிறகு இந்தப் புல்வெளி வேகமாக உழவுக்கு வந்தது. சரிவுகளில் மேல்மண் எவ்வளவோ ஓடிப்போய்விட்டது. உழவடுக்கில் பழுப்பு அடிமண் கட்டிகள் கலந்திருந்தால் அரிப்பு நடந்திருக்கிறது. அந்த இடத்தில் 25 செ.மீ. மாலிக் இல்லையென்றால், வரைபடம் டேமா என்று சொன்னாலும் உங்கள் தாளில் மாலிக் ஹாப்லுடால்ஃப் (மாலிசால் அல்ல, ஆல்ஃபிசால் என்ற வேறு பெரும்பிரிவு) என்று எழுதி, மீதமுள்ள கருப்பின் ஆழத்தையும் சரிவின் சதவீதத்தையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.