‘லாஃப்ட் ரூம்’ என்று எழுதியிருந்தால் அது படுக்கையறை இல்லை

ஊரில் லாஃப்ட் என்றால் சமையலறை ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சிமென்ட் பரண். சீர் வந்த அண்டா, கொலு பொம்மைப் பெட்டி, ஓடாத ஆனால் தூக்கிப் போடவும் விடாத டேபிள் ஃபேன், எல்லாம் அங்கேதான் கிடக்கும். இங்கிலாந்தில் லாஃப்ட் என்பது ஓட்டுக்கும் மேல்மாடி சீலிங்குக்கும் நடுவே இருக்கும் முக்கோண இடம். அதைப் பார்த்ததும் நம் ஆட்களுக்குக் கை துறுதுறுக்கும். மொட்டை மாடியில் ஓர் அறை எழுப்பி வாடகைக்கு விட்ட பரம்பரை இல்லையா நாம்! எனக்கும் துறுதுறுத்தது.

வந்து இரண்டு மூன்று வருடத்தில் வீடு வாங்கப் போகிறவர்கள், ஈஸ்ட்ஹாம் முருகன் கோயில் பிரசாத வரிசையில் நிற்கும்போதுகூட என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “அண்ணா, லாஃப்ட் போட்டா வீட்டு விலை ஏறுமா?” ஏறும். ஆனால் விலை ஏறுவது அறைக்காக இல்லை, அந்த அறைக்கான காகிதத்துக்காக. இது எனக்குத் தெரிய ஆறு வருடம் ஆனது. (நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.)

முதலில் கணக்கு. இரட்டைப் படுக்கையறையும் குளியலறையும் சேர்ந்து வந்தால் வீட்டின் மதிப்பு 20 சதவீத அளவுக்கு உயரலாம் என்று நேஷன்வைட் போன்ற கடன் கொடுப்பவர்களே சொல்லியிருக்கிறார்கள். பில்டர்கள் எல்லோரும் இந்த எண்ணைத்தான் துண்டறிக்கையில் அச்சடித்து வாசல் வழியே தள்ளிவிட்டுப் போவார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது மூன்று. இரண்டு அறை வீடு மூன்று அறை ஆவதற்கு இருக்கும் மவுசு, நான்கு ஐந்தாவதற்குக் கிடையாது. உங்கள் தெருவில் எந்த வீடும் ஆறு லட்சம் பவுண்டு தாண்டவில்லை என்றால், உங்கள் வீட்டில் தங்க ஓடு வேய்ந்தாலும் தாண்டுவது கஷ்டம். அப்புறம் மாடிப்படி. அது எங்கேயாவது வந்து இறங்கியாக வேண்டும். பெரும்பாலும் முன்பக்கச் சின்ன அறையைத்தான் தின்னும். மேலே ஓர் அறை வந்து கீழே ஓர் அறை போனால் என்ன லாபம்? சாய்வுக் கூரைக்கு அடியில் தலை இடிக்கும் இடத்தையும் ‘இத்தனை சதுர அடி’ கணக்கில் சேர்த்துச் சொல்வார்கள். உயரம் ஒன்றரை மீட்டருக்குக் குறைந்த இடத்தை, வீட்டை மதிப்பிட வரும் சர்வேயர் தள்ளிவிட்டுத்தான் அளப்பார்.

அரசாங்க நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூட்டுச்சுவர் வீடு, அதாவது டெரஸ் என்றால் 40 கன மீட்டர், தனி வீடு அல்லது செமி (ஒரு பக்கம் மட்டும் பக்கத்து வீட்டோடு ஒட்டியது) என்றால் 50 கன மீட்டர் வரை, தனியாகப் பிளானிங் அனுமதி கேட்காமலே கூரையைப் பெரிதாக்கலாம். இதற்குப் பெயர் பெர்மிட்டட் டெவலப்மென்ட். தெருப் பக்கக் கூரையைத் துருத்தக் கூடாது, இருக்கும் உச்சியைவிட உயரக் கூடாது. பழமையைக் காக்க ஒதுக்கிய பகுதி, அதாவது கான்சர்வேஷன் ஏரியா என்றால் இந்தச் சலுகை கிடையாது. ‘நான் செய்வது சட்டப்படிதான்’ என்று கவுன்சிலிடம், அதாவது உள்ளூர் நிர்வாகத்திடம், லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரில் இரும்பு பீம் ஏற்றுவதாக இருந்தால் 1996ஆம் ஆண்டு பார்ட்டி வால் சட்டப்படி இரண்டு மாதம் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர்கள் 14 நாள் பதில் சொல்லாவிட்டால் ஒத்துக்கொண்டதாக அர்த்தமில்லை, மறுத்ததாகத்தான் அர்த்தம். ஊர் வழக்கத்துக்கு நேர் எதிர்.

இனி என் கதை.

2017இல் எங்கள் டெரஸ் வீட்டுக்கு லாஃப்ட் போட்டேன். இரண்டு அறை வீடு, மகளுக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கென்று ஓர் இடம் வேண்டும். பில்டர் நம் மொழி பேசுகிறவர். 46,000 பவுண்டு என்றார். அதில் வாட் வரி சேரவில்லை என்பது இரண்டாவது தவணையில்தான் தெரிந்தது. 20 சதவீதம் என்பது சில்லறை இல்லை, ஆனால் அதைக்கூட மன்னித்துவிட்டேன். “கவுன்சில் பேப்பர் எல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்” என்றார். ஒருநாள் கவுன்சில் முத்திரையோடு லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட் வந்தது. ஊரில் பஞ்சாயத்து அப்ரூவல் வந்தால் எப்படிப் பூஜை போடுவோமோ அப்படித்தான் சந்தோஷப்பட்டேன். பட்டா நகல் வைத்திருக்கும் அதே ஃபைலில் அதையும் சொருகி வைத்தேன்.

அங்கேதான் ஏமாந்தேன். இந்த ஊரில் காகிதம் இரண்டு. ஒன்று பிளானிங்: வெளியிலிருந்து பார்த்தால் வீடு எப்படி இருக்கலாம் என்பது. இன்னொன்று பில்டிங் ரெகுலேஷன்ஸ்: உள்ளே மனிதர் பத்திரமாக இருக்க முடியுமா என்பது. தரை எடை தாங்குமா, கூரையில் குளிர் தடுப்பு எவ்வளவு, நெருப்புப் பிடித்தால் எப்படி வெளியே ஓடுவது, இதெல்லாம் இரண்டாவதில் வரும். பிளானிங் வேண்டாத வேலைக்கும் இது வேண்டும். பீம் ஏற்றும்போது, தரைச்சட்டம் போடும்போது, சுவரை மூடுவதற்கு முன், கடைசியில் என்று ஆய்வாளர் பல தடவை வந்து பார்ப்பார். எல்லாம் முடிந்த பிறகு தருவதுதான் கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட். என் வீட்டுக்கு அந்த ஆய்வாளர் ஒரு தடவைகூட வந்ததில்லை. வராததைக் கவனிக்க எனக்கும் தெரியவில்லை.

2023இல் விற்க நினைத்தோம். மூன்று அறை வீடு என்று விளம்பரம், நல்ல விலைக்கு ஆளும் கிடைத்தார்கள். வாங்குகிறவரின் வங்கி அனுப்பிய சர்வேயர் மேலே ஏறினார், இறங்கினார், ஒரு வார்த்தை பேசவில்லை. அறிக்கையில், இது இரண்டு படுக்கையறை வீடு, மேலே பொருட்கள் வைக்கும் இடம் என்று எழுதிவிட்டார். மகள் ஆறு வருடம் படுத்து, படித்து, அழுது, கதவைச் சாத்திக்கொண்ட அறை ‘பொருட்கள் வைக்கும் இடம்’! வாங்க வந்தவர் 40,000 பவுண்டு குறைக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அவர் போய்விட்டார்.

அடுத்த முட்டாள்தனம் முழுக்க என்னுடையது. பதற்றத்தில் திங்கட்கிழமை காலை முதல் வேலையாகக் கவுன்சிலுக்கு போன் செய்து, “என் வீட்டு சர்டிஃபிகேட் உங்களிடம் இருக்கிறதா?” என்று முகவரியோடு கேட்டேன். இதைச் சொன்னதும் சொலிசிட்டர் (வீட்டுப் பத்திர வேலை பார்க்கும் வக்கீல்) கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்படிக் காகிதம் இல்லாத வேலைக்கு இன்டெம்னிட்டி பாலிசி என்று ஒன்று உண்டாம். சில நூறு பவுண்டு ஒரே தடவை கட்டினால், பின்னால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் நஷ்டத்தை இன்ஷூரன்ஸ்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். நிபந்தனை என்ன தெரியுமா? அந்த வேலையைப் பற்றிக் கவுன்சிலிடம் யாரும் வாய் திறந்திருக்கக் கூடாது. நான் திறந்துவிட்டேன். கிடைத்திருந்தாலும் அந்த பாலிசி பரணைப் படுக்கையறை ஆக்கியிருக்காது என்பது வேறு விஷயம்.

மிச்சம் இருந்த வழி ரெகுலரைசேஷன், நம் ஊர் வரன்முறை மாதிரி. ஆனால் அபராதம் கட்டி ரசீது வாங்கி வருவதோடு இது முடியாது. மூடியதைத் திறந்து காட்ட வேண்டும். ஆய்வாளர் மகளின் மேஜைக்கு மேலே ஜிப்சம் பலகையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெட்டச் சொல்லி, டார்ச் அடித்து, கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார். கையை வெளியே எடுத்தபோது விரலில் தூசியும் ஒரு துண்டு மஞ்சள் பஞ்சும். “இவ்வளவுதானா?” என்று கேட்டார். தரைச்சட்டமும் பீமும் தப்பித்தன. குளிர் தடுப்பு தப்பவில்லை.

பெரிய இடி கீழே இருந்தது. லாஃப்ட் அறையிலிருந்து தெருக்கதவு வரை மாடிப்படி முழுவதும் அரைமணி நேரம் நெருப்பைத் தாங்கும் சுவரும் கதவுமாக இருக்க வேண்டும். நாங்கள் வீடு வாங்கியதுமே ஹாலைப் பெரிதாக்க நடைக்கும் முன்னறைக்கும் நடுவே இருந்த சுவரை இடித்திருந்தோம். படி நேராக சோஃபாவுக்குப் பக்கத்தில் இறங்கும். சமையலறையில் தீப்பிடித்தால் புகை புகைபோக்கியில் போவதுபோல் மகள் அறைக்குத்தான் போயிருக்கும். ஆய்வாளர் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்தார். அன்று இரவு என் மனைவி தூங்கவில்லை. பணத்துக்காக இல்லை.

சுவரைத் திரும்பக் கட்டினோம். நெருப்புக் கதவுகள், மாடிக்கு மாடி ஒன்றோடொன்று இணைந்த புகை அலாரம், கூரைக்குப் புதிய பலகை, எஞ்சினியர் கணக்கு, கவுன்சில் கட்டணம் என்று 14,000 பவுண்டு போனது. சோஃபா இப்போது உள்ளே நிற்காது, விற்றுவிட்டோம். பில்டரின் போன் நம்பர் உபயோகத்தில் இல்லை.

ஆகவே தம்பி தங்கைகளே, லாஃப்ட் போடுகிறீர்கள் என்றால் பில்டிங் கண்ட்ரோலுக்கு விண்ணப்பம் உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் போகட்டும். கவுன்சிலாகவும் இருக்கலாம், பதிவுபெற்ற தனியாராகவும் இருக்கலாம். கடைசித் தவணையில் பத்து சதவீதமாவது சர்டிஃபிகேட் கைக்கு வந்த பிறகுதான் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். நம்ம ஆள்தானே, எப்படிக் கேட்பது என்று கூச்சப்படாதீர்கள். நான் கூச்சப்பட்டேன். ஏற்கெனவே லாஃப்ட் போட்ட வீட்டை வாங்குகிறீர்கள் என்றால், விளம்பரத்தில் ‘பெட்ரூம்’ என்று இருக்கிறதா, ‘லாஃப்ட் ரூம்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட்டுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும், அதனால்தான் அப்படி எழுதுகிறார். காகிதம் இல்லாவிட்டால் இரண்டு அறை விலைதான் கொடுக்க வேண்டும். முக்கியமாக, உங்கள் சொலிசிட்டரைக் கேட்காமல் கவுன்சிலுக்கு போன் செய்யாதீர்கள்.

மெய்சனெட்டில், அதாவது மேலும் கீழும் தனித்தனி வீடாகப் பிரித்த கட்டடத்தில், மேல்வீடு வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஊரில் மொட்டை மாடி உரிமை யாருக்கு என்று பத்திரத்தில் தேடுவோமே, அதே கண்ணோடு இங்கே லீஸை, அதாவது நீண்டகாலக் குத்தகைப் பத்திரத்தைப் படியுங்கள். மேலே ஏறும் ஓட்டை உங்கள் சீலிங்கில் இருப்பதால் மட்டும் லாஃப்ட் உங்களுடையது ஆகாது. லீஸ் சீலிங்கோடு முடிகிறது என்றால் மேலே இருப்பது கட்டடத்தின் மூல உரிமையாளரான ஃப்ரீஹோல்டரின் இடம். ஊருக்குப் போகும்போது மட்டும் இறக்கும் பெட்டிகளை நீங்கள் இவ்வளவு நாளும் அடுத்தவர் வீட்டில்தான் வைத்திருக்கிறீர்கள்.