மாசமாக இருக்கும்போது சிறுநீர்ச் சோதனையும் பிரஷரும்

பினாங்கு அரசாங்க கிளினிக்கில் சிறுநீர் டப்பாவைக் கொடுத்தால் அவசரமாக நிரப்பாதீர்கள். முன்னிருந்து பின்னாகத் துடைத்து, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். வெள்ளைப்படுதல் கலந்தால் புரதம் இருப்பதுபோலக் காட்டும், வீண் பயம். எரிச்சலே இல்லாமலும் கிருமி இருக்கலாம், சிறுநீரகம்வரை ஏறலாம். கொடுத்த ஆண்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

வீட்டில் பிரஷர் பார்க்கிறீர்களா? ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, 5 நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். கால்மேல் கால் வேண்டாம். மெஷினின் பட்டையை வெறும் கையில், நெஞ்சு உயரத்தில் சுற்றுங்கள். பட்டை சிறிதாக இருந்தால் அளவு கூடித்தான் காட்டும். 140/90 தொட்டால் அன்றே கிளினிக். 160/110, அல்லது விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்கடியில் வலி என்றால் அவசர எண் 999-க்குப் போன் செய்யுங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். பிள்ளை பெற்ற பிறகும் சில வாரங்கள்வரை இப்படிப் பிரஷர் ஏறலாம்.