உண்ணும் அளவைப் பிள்ளைகளே நிறுத்துப் பார்க்கட்டும்

வளரிளம் பிள்ளைகளுக்கு உணவின் அளவைக் கற்பிக்க, பொட்டலத் தின்பண்டத்தை அவர்கள் வழக்கமாக உண்ணும் அளவுக்குக் கிண்ணத்தில் கொட்டி, தராசில் நிறுத்து, உறையில் அச்சிட்டிருக்கும் ஒருமுறைப் பரிமாறும் அளவோடு அவர்களையே ஒப்பிடச் சொல்லுங்கள். உறையிலுள்ள கலோரிக் கணக்கு பெரும்பாலும் 100 கிராமுக்கோ ஒரு பரிமாறலுக்கோ உரியதே தவிர முழுப் பொட்டலத்துக்கு உரியதன்று என்பதை, எத்தனை முறை சொன்னாலும் மனத்தில் பதியாத பிள்ளைக்கும் அந்தக் கிண்ணம் காட்டிவிடும். ஆனால் உண்டதை ஓடிக் கழிக்கச் சொல்லாதீர்கள். 5 முதல் 17 வயது வரையுள்ளோருக்கு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம், உணவுக்கான தண்டனையாக அன்றி, விருப்பத்தோடு செய்யும் பழக்கமாக அமைய வேண்டும். அன்றாட வீட்டுச் சாப்பாட்டுக்கு இம்முறை பொருந்தாது; உணவைக் கண்டு அஞ்சும், எடையை எண்ணி ஓயாமல் கவலைப்படும் பிள்ளையிடம் தராசையே எடுக்காமல் மருத்துவரை அணுகுங்கள்.