கையில் காசில்லாத நேரத்தில் மனச்சோர்வு திரும்பி வந்தால்

ஒருமுறை வந்து போன மனச்சோர்வு, இழப்பின் துக்கத்தோடு மறுபடி தலைகாட்டும்போது பெரும்பாலும் முதலில் கெடுவது தூக்கம்தான். விடியற்காலை 3 மணிக்கு விழித்துக்கொண்டு மனசுக்குள் கடன் கணக்குப் போடுகிறீர்களா? அதைப் பகலில் அரை மணி நேரம் ஒதுக்கிக் காகிதத்தில் எழுதிப் போடுங்கள்.

செலவைக் குறைக்க மாத்திரையைத் திடீரென நிறுத்துவது பலர் செய்யும் தப்பு. தலைசுற்றல், எரிச்சல் வரலாம், நோயும் முற்றலாம். ‘இதே மருந்து ஜெனரிக்கில், அதாவது பிராண்டு பெயர் இல்லாமல் விலை குறைவாக, கிடைக்குமா?’ என்று மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அப்புறம், மனசு வந்தபின் குளிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். குளித்தால்தான் மனசு கொஞ்சம் அசையும். அழுகை வந்தால் அழுங்கள், அதற்குக் காசு கேட்க மாட்டார்கள். சாகலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் தனியாக இருக்காதீர்கள். உடனே நெருங்கிய ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், உதவி எண்ணை அழையுங்கள்.