காட்டு முகாமில் கழுவிய நீர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் கோலகுபு பாருவுக்கு மேலே ஆற்றோரம் முகாமிட இளைஞர்களை அழைத்துச் செல்வது என் வழக்கம். அண்மையில் வந்த ஒரு குழு, மூட்டையை இறக்கிய அரை மணி நேரத்திலேயே மண்வெட்டியை எடுத்து, பாத்திரம் கழுவிய நீரை விடுவதற்கென்று முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டத் தொடங்கியபோது, என் பழைய மடத்தனத்தையே மறுபடி பார்ப்பதுபோல் இருந்தது. எச்சில் தட்டை ஆற்றில் கழுவக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆழக் குழி வெட்டி, எல்லாவற்றையும் அதில் கொட்டுதல்

நான் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். பாத்திரம் விளக்கிய நீர் நேரே பின்கட்டு வாழைக்குப் போகும். வாழையும் செழித்து நிற்கும். எதை ஊற்றினாலும் மண் குடித்துவிடும் என்ற நினைப்பு எனக்கு அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அந்தப் பாத்தி, வருடக்கணக்காகச் சாம்பலும் சருகும் போட்டுக் கொத்திவிட்ட மண். காட்டில், அழுக்கைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள்தான் இருக்கின்றன. அதற்குக் கீழே உள்ள களிமண் நீரை எளிதில் உள்வாங்காது.

முதல் பெரிய முகாமில் நாங்கள் பன்னிரண்டு பேர். தேங்காய்ப்பால் ஊற்றி வைத்த கோழிக்கறிச் சட்டியை வழித்தெடுக்காமல் சுடுநீரில் அலசி, ஆற்றிலிருந்து பதினைந்தடி தள்ளி வெட்டிய குழியில் கொட்டினேன். கொழுப்பு குழியின் சுவரில் படிந்து மண்ணின் துளைகளை அடைத்துவிட, இரண்டாம் வேளை ஊற்றிய நீர் இறங்காமல் மினுமினுப்போடு தேங்கி நின்றது. மாலையில் மழை பிடித்துக்கொண்டது. குழி வழிந்து, நாங்கள் குடிக்க மொண்ட துறைக்கு மேலேயே ஆற்றில் கலந்தது. இரவில் காட்டுப்பன்றி வந்து, சோற்றுப் பருக்கைக்காக மிச்சத்தையும் கிளறிப்போட்டது. மறுநாளே முகாமைக் கலைத்துவிட்டு, வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். பணம் போனதைவிட, "குழிதான் வெட்டினோமே!" என்று அன்று நான் வாதாடியதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

இப்போது சட்டியில் நீர் படுவதற்கு முன்பே பழைய செய்தித்தாளால் கொழுப்பைத் துடைத்து, அதைக் குப்பைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவந்துவிடுகிறோம். கழுவிய நீரைக் கடைகளில் காப்பி வடிக்கும் நீளத் துணி வடிகட்டியில் வடித்து, ஆற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர், அதாவது ஏறக்குறைய எண்பது தப்படி தள்ளிப்போய், சருகு மூடிய சமதரையில் வீசித் தெளிக்கிறோம். ஒரு வேளைக்குத் தெளித்த இடத்தில் மறுவேளை தெளிப்பதில்லை. குழி வெட்டியே தீர வேண்டுமானால் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் போதும்.

வடித்த பருக்கையைப் புதரில் வீசுதல்

எலி வரும். அதன் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் கால் வைப்பவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். 2010இல் பகாங்கின் லுபோக் யூவில் மீட்புப் பணிக்குச் சென்றவர்களிடையே இந்நோயும், மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வரும் மெலியோய்டோசிஸும் சேர்ந்து பரவி உயிர்களைப் பறித்தன.

குளோராக்ஸ் (வெளுப்பு நீர்) ஊற்றி "சுத்தம்" செய்தல்

ஊற்றாதீர்கள். அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்தான் முதலில் சாகும்.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாளியில் வைத்தல்

நம் வெயிலில் ஒரே நாளில் நாறிவிடும்.

"மட்கும் சவர்க்காரம்தானே" என்று ஆற்றில் குளித்தல்

அந்தச் சவர்க்காரம் மட்குவதற்கு மண்ணும் அதிலுள்ள நுண்ணுயிரும் வேண்டும். ஓடும் ஆற்றில் அது நுரையாகவே போய், மீனின் செவுளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பைக் கரைக்கிறது. இங்கே பக்கத்திலுள்ள சிலிங் ஆறு, கெலா என்னும் ஆற்று மீன்களுக்கான காப்பிடம். அது மட்டுமன்றி, இந்த மலை ஓடைகள் சிலாங்கூர் அணைக்கட்டில் சேர்கின்றன; அந்த நீர்தான் பின்னர் சுத்திகரிக்கப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து முகாமுக்கு வரும் அதே பிள்ளைகளின் வீட்டுக் குழாய்களுக்குப் போகிறது. குளித்தே ஆக வேண்டுமென்றால் வாளியில் மொண்டுகொண்டு அந்த எண்பது தப்படி நடங்கள்.